ட்ரெஞ்ச்புரூமில் முதல் மேப்: பிரஷ்களைக் கொண்டு லெவல் கட்டும் வழி

லெவல் டிசைன் கற்க எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: முதலில் குவேக்குக்கு ஒரு மேப், அதாவது ஆடுவதற்கான ஒரு களம், செய்யுங்கள். இட் சாஃப்ட்வேர் 1996-இல் வெளியிட்ட விளையாட்டு அது. இவ்வளவு பழையதை இப்போது ஏன் தொட வேண்டும் என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது.

அன்ரியல், யூனிட்டி போன்ற எஞ்சின்களைத் திறந்ததும் மெட்டீரியல், கொலிஷன், யூவி, லைட்மேப் என்று பத்து விஷயங்கள் ஒரே நேரத்தில் முன்னால் வந்து நிற்கும். அறை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், வாசலை எந்தப் பக்கம் வைத்தால் ஆட்டக்காரர் திரும்பிப் பார்ப்பார் என்பதையெல்லாம் யோசிக்கவே நேரம் கிடைக்காது. குவேக்கில் சுவர் வரைந்தால் அது சுவர்தான். கண்ணுக்கும் தெரியும், மோதினால் தடுக்கும், வெளிச்சத்தையும் மறைக்கும். இடத்தின் வடிவத்தை மட்டும் யோசித்துப் பழகுவதற்கு இதைவிட நல்ல களம் எனக்குத் தெரியவில்லை. பழைய மடிக்கணினியிலும் ஓடும் என்பது கூடுதல் வசதி.

தேவையானவை

நான்கு பொருள்கள் போதும். முதலாவது ட்ரெஞ்ச்புரூம் என்ற எடிட்டர். இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். இரண்டாவது எரிக்டபிள்யூ டூல்ஸ் என்ற கம்பைல் கருவித் தொகுப்பு. மேப்பை எஞ்சின் படிக்கும் வடிவத்துக்கு மாற்றுவதுதான் கம்பைல். மூன்றாவது, இன்றைய கணினிகளில் குவேக்கை ஓட்டும் எஞ்சின். அயர்ன்வெயில், குவேக்ஸ்பாஸம் இரண்டில் எதுவானாலும் சரி. குவேக்கின் நிரல் 1999-இல் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வெளிவந்ததால்தான் இப்படிப் பல எஞ்சின்கள் இருக்கின்றன. நான்காவது விளையாட்டின் கோப்புகள். குவேக்கை விலைக்கு வாங்கலாம். வாங்க விருப்பமில்லை என்றால் லிப்ரேகுவேக் இருக்கிறது. படங்கள், ஒலிகள், பகைவர்கள் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து இலவசமாகத் தரும் திட்டம் அது. இவற்றோடு டெக்ஸ்சர்கள், அதாவது சுவர், தரை மேல் ஒட்டும் படங்கள், அடங்கிய வாட் கோப்பு ஒன்றும் கையில் இருக்கட்டும்.

ட்ரெஞ்ச்புரூமின் பிரிஃபரன்சஸ் பகுதியில் விளையாட்டு இருக்கும் கோப்புறையைக் காட்டிவிட்டு, புது மேப் தொடங்குங்கள். அப்போது மேப் ஃபார்மட் எது என்று கேட்கும். வால்வ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய ஸ்டாண்டர்ட் ஃபார்மட்டில் சாய்ந்த பரப்புகளிலும் சுழற்றிய பிரஷ்களிலும் (மேப்பைக் கட்டும் திடத் துண்டுகள்) டெக்ஸ்சர் இழுபட்டுக் கோணலாகும். வால்வ் ஃபார்மட்டில் அந்தத் தொல்லை இல்லை. இதை முதலிலேயே சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் பின்னால் நிறைய வேலை மிச்சம்.

பிரஷ் எப்படிப்பட்டது

பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் பழகியவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அங்கே ஒரு வடிவம் என்பது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் முகங்களும் கொண்ட மெஷ். உள்ளே வெறும் காற்று. பிரஷ் அப்படியல்ல, அது திடப்பொருள். மேப் கோப்பை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பார்த்தால் தெரியும்: பிரஷ்ஷின் ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று புள்ளிகள் எழுதப்பட்டிருக்கும். அந்த மூன்று புள்ளிகளும் ஒரு தளத்தைக் குறிக்கின்றன. எல்லாத் தளங்களுக்கும் உட்புறமாக அடைபடும் இடம்தான் பிரஷ்.

இதனால் ஒரு கட்டாயம் வருகிறது. பிரஷ் எப்போதும் குவிந்த வடிவமாகவே இருக்கும். உள்நோக்கி மடங்கும் மூலை அதில் இருக்க முடியாது. எல் வடிவச் சுவர் வேண்டுமென்றால் இரண்டு பிரஷ்கள். வளைவு வேண்டுமென்றால் பல துண்டுகள். பிரஷ் எடிட்டிங்கில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விதியிலிருந்துதான் பிறக்கின்றன. ஆகவே ஒரு வடிவத்தைப் பார்த்ததும் அது எத்தனை குவிந்த துண்டுகளாகப் பிரியும் என்று கண்ணால் பிரித்துப் பாருங்கள். ஒரு வாரம் பழகினால் கை தானாகவே செய்யும்.

அளவுகள்: இதை மனப்பாடம் செய்யுங்கள்

லெவல் டிசைனில் அழகைவிட அளவு முக்கியம். குவேக்கில் நீளத்தை அளப்பது யூனிட் கணக்கில். குவேக்கில் ஆட்டக்காரரின் உடல் 32 யூனிட் அகலம், 32 யூனிட் ஆழம், 56 யூனிட் உயரம் கொண்ட பெட்டி. கண் தரையிலிருந்து 46 யூனிட் உயரத்தில் இருக்கிறது. 18 யூனிட் வரையுள்ள படியில் தாவாமலே ஏறலாம். தாவினால் ஏறக்குறைய 45 யூனிட் எழும்பலாம். எனவே 40 யூனிட் மேடையில் ஏறிவிடலாம், 48 யூனிட் மேடையில் முடியாது. தாவியும் எட்ட முடியாத மேடை வேண்டும் என்றால் 48-க்குக் குறையாமல் வையுங்கள். ஏற வேண்டிய மேடை என்றால் 32 வைத்துவிடுங்கள். 40 வைத்து ஆட்டக்காரரைத் தடுமாற விடுவதில் ஒரு பயனும் இல்லை.

ஓடும் வேகம் நொடிக்கு 320 யூனிட். இந்த எண்ணை வைத்து நீளத்தை நேரமாக மாற்றிப் பார்க்கலாம். 640 யூனிட் நடைபாதை என்றால் இரண்டு நொடி ஓட்டம். 3200 யூனிட் என்றால் பத்து நொடி. அந்தப் பத்து நொடியில் வழியில் எதுவும் நடக்கவில்லை என்றால் சலிப்புத் தட்டும். ஓடிவந்து தாண்டும் பள்ளம் 128 யூனிட் என்றால் எளிது, 192 என்றால் கவனம் தேவை, 256 என்றால் சாதாரணத் தாவலுக்கு அடங்காது.

பகைவர்களையும் மறக்கக் கூடாது. ஆகர், ஷாம்ப்ளர் போன்ற பெரிய உருவங்களுக்கு எஞ்சின் 64-க்கு 64-க்கு 88 என்ற பெட்டியைக் கணக்கில் கொள்கிறது. ஆட்டக்காரர் நுழையும் 48 யூனிட் வாசலில் அவர்களால் நுழைய முடியாது. அதனால் பொதுவான வாசலுக்கு 96 அகலம், 128 உயரம் என்று வைத்துப் பழகுங்கள்.

கிரிட், அதாவது பிரஷ்கள் ஒட்டி நிற்கும் கட்டக்கோடுகள், பற்றி ஒரே ஒரு விதி: பெரிதில் தொடங்கிச் சிறிதுக்கு இறங்குங்கள். விசைப்பலகையில் 1 முதல் 9 வரையுள்ள எண்கள் கிரிட்டை 1, 2, 4, 8 என்று இரட்டித்து 256 வரை மாற்றும். அறைகளின் உருவத்தை 64-இல் வரையுங்கள். சுவர், வாசல் எல்லாம் 16-இல். தூண், விளிம்பு போன்றவை 8-இலோ 4-இலோ. 1 யூனிட் கிரிட் பக்கம் தொடக்கத்தில் போகவே வேண்டாம். கிரிட் நழுவிய இரண்டு பிரஷ்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழும். அது பின்னால் எப்படித் தலைவலியாக மாறும் என்பதை லீக் பகுதியில் பார்க்கலாம்.

முதல் அறை

புது மேப்பின் நடுவில் சின்னப் பிரஷ் ஒன்று இருக்கும். அதை நீக்கிவிடுங்கள். வலது மவுஸ் பொத்தானை அழுத்தி இழுத்தால் சுற்றிப் பார்க்கலாம். டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகள் நகர்த்தும். எதையும் தேர்வு செய்யாத நிலையில் இடது பொத்தானை அழுத்தி இழுத்தால் புதுப் பிரஷ் உருவாகும். தேர்வு செய்த பிரஷ்ஷின் ஒரு முகத்தை ஷிஃப்ட் விசையோடு இழுத்தால் அந்தப் பக்கம் நீளும், குறுகும். இந்த இரண்டு அசைவுகளை வைத்தே பாதி வேலையை முடித்துவிடலாம்.

கிரிட்டை 16-க்கு வைத்துக்கொண்டு 544-க்கு 544-க்கு 288 அளவில் பெரிய கட்டி ஒன்று வரையுங்கள். அதைத் தேர்ந்தெடுத்து, எடிட் மெனுவில் சிஎஸ்ஜி (வடிவங்களைக் கூட்டும், கழிக்கும் கருவிகள்) பிரிவில் உள்ள ஹாலோ என்பதைக் கொடுங்கள். கட்டி ஆறு பலகைகளாகப் பிரிந்து உள்ளே அறை உருவாகும். பலகையின் தடிமன் அப்போதைய கிரிட் அளவுதான், அதாவது 16. உள்ளே 512-க்கு 512-க்கு 256 இடம் கிடைக்கும்.

விளக்கு, கதவு, பகைவர் போல மேப்பில் வேலை செய்யும் பொருளுக்கு என்டிட்டி என்று பெயர். தரையின் மேல் வலது கிளிக் செய்து பாயின்ட் என்டிட்டி பட்டியலில் இன்ஃபோ பிளேயர் ஸ்டார்ட் என்பதை வையுங்கள். ஆட்டக்காரர் அங்கேதான் தோன்றுவார். அதே வழியில் லைட் என்டிட்டி ஒன்றைக் கூரைக்குச் சற்றுக் கீழே வையுங்கள். அதன் பிரகாசம் நீங்கள் எதுவும் மாற்றாவிட்டால் 300. இவ்வளவுதான் ஒரு மேப். இதை இப்போதே கம்பைல் செய்து உள்ளே நடந்து பாருங்கள், அலங்காரமெல்லாம் அப்புறம். எடிட்டரில் பெரிதாகத் தெரிந்த அறை, உள்ளே போனதும் சிறுத்துத் தெரியும். அந்த வித்தியாசத்தை உடம்பு உணர்ந்துகொள்வதுதான் முதல் பாடம்.

வெட்டும் கருவி

ட்ரெஞ்ச்புரூமில் எனக்கு மிகப் பிடித்த கருவி கிளிப்தான். பிரஷ்ஷைத் தேர்ந்தெடுத்து சி விசையை அழுத்துங்கள். இரண்டு புள்ளிகளை வைத்தால் ஒரு வெட்டுக்கோடு விழும். என்டர் அழுத்தினால் வெட்டு நடக்கும். கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்தினால் எந்தப் பக்கம் மிஞ்ச வேண்டும் என்பது மாறும்: இடது, வலது, அல்லது இரண்டும்.

சுவரில் வாசல் வைக்கும் முறை இது. இரண்டு பக்கமும் மிஞ்சும்படி வைத்துக்கொண்டு, 96 யூனிட் இடைவெளியில் செங்குத்தாக இரண்டு வெட்டு. நடுத்துண்டைத் தனியாகத் தேர்ந்தெடுத்து, தரையிலிருந்து 128 உயரத்தில் கிடையாக ஒரு வெட்டு. கீழ்த்துண்டை அழியுங்கள். வாசல் தயார். மூன்று பிரஷ்கள் மிஞ்சின, மூன்றும் கிரிட்டில் உட்கார்ந்திருக்கின்றன.

இதையே சிஎஸ்ஜி சப்ட்ராக்ட் கொண்டும் செய்யலாம். வாசல் அளவில் ஒரு கட்டியைச் சுவருக்குள் செருகி, கழித்துவிட்டால் போதும். நேரான பெட்டியைக் கழிக்கும் வரை அதில் குறையில்லை. ஆனால் பதினாறு பக்க உருளையை எடுத்து வட்ட ஜன்னல் வெட்டப் போனீர்கள் என்றால், சுவர் ஒல்லிச் சிம்புகளாகச் சிதறும். அந்தச் சிம்புகளின் மூலைகள் கிரிட்டில் நிற்காது, பின்னால் திருத்தவும் முடியாது. வட்ட ஜன்னல் வேண்டுமென்றால் அதன் சட்டத்தைத் தனித் துண்டுகளாகக் கட்டி, சுவரில் சதுர ஓட்டை விட்டு அதில் பொருத்துங்கள். நேரம் கூடுதலாகும், ஆனாலும் நான் இந்த வழியைத்தான் எல்லோருக்கும் சொல்வேன்.

மூலைகளை இழுத்தல்

வி விசையை அழுத்தினால் தேர்ந்தெடுத்த பிரஷ்களின் மூலைகள் புள்ளிகளாகத் தெரியும். ஈ விளிம்புகளுக்கு, எஃப் முகங்களுக்கு. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் புள்ளி மேலும் கீழும் நகரும். பல பிரஷ்களைத் தேர்ந்தெடுத்திருந்தால், ஒரே இடத்தில் சந்திக்கும் மூலைகள் எல்லாம் சேர்ந்தே நகரும். பாறை, குகை, மண்மேடு எல்லாம் செய்வதற்கு இதுதான் வழி.

புதியவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுவே. சதுரக் கட்டியின் மேல் மூலைகள் நான்கில் ஒன்றை மட்டும் உயர்த்தினால், நான்கு புள்ளிகளும் ஒரே தளத்தில் இருக்காது. மேல்முகம் இரண்டு முக்கோணங்களாக உடையும். எந்த மூலைவிட்டத்தில் உடையும் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. குவிந்த வடிவம் எதுவோ அதையே எடிட்டர் எடுத்துக்கொள்ளும். பள்ளமாக மடிய வேண்டும் என்று நினைத்த இடம் மேடாக மடிந்து நிற்கும்.

தீர்வு எளிது. மூலைகளை இழுப்பதற்கு முன்பே கிளிப் கருவியால் ஒவ்வொரு சதுரத்தையும் குறுக்காக வெட்டி முக்கோணத் தூண்களாக்கிவிடுங்கள். முக்கோணத்துக்கு மூன்று புள்ளிகள்தான். அவற்றை எவ்வளவு உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் முகம் தட்டையாகவே இருக்கும். 64 யூனிட் கட்டங்களில் எட்டுக்கு எட்டுச் சதுரங்கள் அடுக்கி, எல்லாவற்றையும் முக்கோணமாக வெட்டி, மூலைகளை 8 யூனிட் கிரிட்டில் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். நம்பும்படியான மண்தரை ஒன்று உருவாகிவிடும்.

படியும் கதவும்

படிக்கட்டுக்கு உயரம் 16, அகலம் 32 என்ற கணக்கு நன்றாக வரும். 128 யூனிட் மேலே ஏற எட்டுப் படிகள், 256 யூனிட் நீளம். ஒரு படியைச் செய்து, கன்ட்ரோல் டி கொடுத்துப் பிரதி எடுத்து, கிரிட்டில் தள்ளித் தள்ளி அடுக்குங்கள்.

கதவு செய்ய, வாசலை அடைக்கும் அளவில் பிரஷ் வரைந்து, வலது கிளிக்கில் பிரஷ் என்டிட்டியாக ஃபங்க் டோர் ஆக்குங்கள். ஆங்கிள் மதிப்பு -1 என்றால் மேலே போகும், -2 என்றால் கீழே இறங்கும்.

டெக்ஸ்சர்

அறைகளின் அமைப்பு நிலைப்படும் வரை எல்லாவற்றுக்கும் ஒரே டெக்ஸ்சர் போதும். தரைக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொண்டால் இன்னும் தெளிவு. சீக்கிரம் அழகுபடுத்திவிட்டால் அந்தச் சுவரை இடிக்க மனசு வராது. இடிக்க வேண்டிய சுவர் அப்படியே நின்றுவிடும்.

அலங்கரிக்கும் நேரம் வந்ததும், ஷிஃப்ட் கிளிக் செய்து ஒரு முகத்தைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஆல்ட் விசையோடு பக்கத்து முகங்களைக் கிளிக் செய்தால் டெக்ஸ்சரும் அதன் அளவும் அங்கே தொடரும்.

கம்பைல், லீக்

மேப் கோப்பை எஞ்சினால் நேரடியாகப் படிக்க முடியாது. மூன்று நிரல்கள் அதைப் பக்குவப்படுத்துகின்றன. கியூபிஎஸ்பி பிரஷ்களை வெட்டி மரவடிவில் அடுக்கி பிஎஸ்பி கோப்பைத் தருகிறது. விஸ் எந்த இடத்திலிருந்து எந்த இடம் தெரியும் என்று கணக்கிடுகிறது. லைட் வெளிச்சத்தையும் நிழலையும் பதிக்கிறது. ட்ரெஞ்ச்புரூமின் ரன் மெனுவில் இவற்றுக்கு ஒரு புரொஃபைல் அமைத்துக்கொள்ளலாம்: முதலில் மேப்பை எக்ஸ்போர்ட் செய்தல், அடுத்து மூன்று நிரல்களையும் வரிசையாக ஓட்டுதல், கடைசியில் பிஎஸ்பி கோப்பை விளையாட்டின் மேப்ஸ் கோப்புறைக்கு நகலெடுத்தல். சோதனைக்கு விஸ் நிரலில் ஃபாஸ்ட் தெரிவைப் போட்டால் காத்திருக்க வேண்டியதில்லை. பிறகு எஞ்சினின் கன்சோலை, அதாவது கட்டளை தட்டும் திரையை, திறந்து, மேப் என்ற கட்டளையோடு உங்கள் கோப்பின் பெயரைத் தட்டினால் உள்ளே போய்விடலாம்.

லெவலுக்கு வெளியே இருக்கும் வெற்றிடத்தோடு உள்ளிடம் எங்காவது தொடர்பு கொண்டால் அதற்கு லீக் என்று பெயர். தண்ணீர் நிரம்பிய தொட்டியில் ஓட்டை விழுவதைப் போலத்தான். ஓட்டை எவ்வளவு சின்னது என்பது பொருட்டே இல்லை. லீக் இருந்தால் எது உள்ளே, எது வெளியே என்று கியூபிஎஸ்பிக்குத் தெரியாது. யாரும் பார்க்காத வெளிப்புற முகங்களும் நீக்கப்படாமல் கிடக்கும், விஸ் வேலை செய்யாது.

கம்பைல் பதிவில் லீக் எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம். கியூபிஎஸ்பி ஒரு பாயின்ட் ஃபைலை எழுதி வைத்திருக்கும். ஃபைல் மெனுவில் அதை ஏற்றினால், மேப்புக்குள் இருக்கும் ஒரு என்டிட்டியிலிருந்து வெளியே போகும் கோடு ஒன்று தெரியும். அந்தக் கோடு சுவரைத் தாண்டும் இடத்தில்தான் ஓட்டை. பெரும்பாலும் மூன்றில் ஒரு காரணம் இருக்கும். கிரிட் நழுவிய பிரஷ், சுவருக்கு வெளியே தவறி விழுந்த என்டிட்டி, அல்லது அடைக்காத ஒன்றை அடைப்பு என்று நம்பியது. கதவு போன்ற பிரஷ் என்டிட்டிகள் இடத்தை அடைக்காது. தண்ணீரும் அடைக்காது. ஸ்கை டெக்ஸ்சர் போட்ட பிரஷ் அடைக்கும்.

மொத்த மேப்பையும் சுற்றி ஒரு பெரிய பெட்டியைக் கட்டிவிட்டால் எச்சரிக்கை நின்றுவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெட்டிக்கும் மேப்புக்கும் இடையிலுள்ள வெளி முழுவதும் லெவலின் பகுதியாகிவிடும். சுவர்களின் வெளிப்பக்கத்துக்கும் லைட்மேப் (பதித்த வெளிச்சம்) உருவாகும், விஸ் வீணாக நேரத்தைத் தின்னும். ஓட்டையைத் தேடி அடைப்பது ஐந்து நிமிட வேலை.

தூண், விளிம்பு, பாறை போன்ற அலங்காரப் பிரஷ்களை ஃபங்க் டீடெய்ல் என்ற என்டிட்டியாக மாற்றிவிடுங்கள். விஸ் அவற்றைக் கணக்கில் எடுக்காது, கம்பைல் வேகமாக முடியும். அவையும் இடத்தை அடைக்காது என்பதால், வெளிச்சுவர்களை மட்டும் சாதாரணப் பிரஷ்களாக விட்டுவையுங்கள்.

அடுத்து

ஒரு மேப் முடிந்ததும் குரூப், லேயர் வசதிகளைப் பழகுங்கள். லிங்க்ட் குரூப் குறிப்பாகப் பயன்படும்: ஒரே தூணை இருபது இடங்களில் வைத்து, ஒன்றைத் திருத்தினால் இருபதும் மாறும். ஹாஃப்-லைஃப் மேப்புகளும் ட்ரெஞ்ச்புரூமில் செய்யலாம். கோடோ எஞ்சினில் சொந்த விளையாட்டு செய்கிறவர்கள், இங்கே கட்டிய மேப்பை ஃபங்க்கோடோ என்ற இணைப்பின் வழியாக அங்கே கொண்டுபோகலாம். யூனிட்டியின் புரோபில்டர் மெஷ் வகையைச் சேர்ந்தது என்றாலும், அளவுகளைப் பற்றி இங்கே கற்றது அங்கேயும் செல்லும்.

இவை எல்லாவற்றுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. குவேக்கின் மூல மேப் கோப்புகளை அதன் வடிவமைப்பாளர்களில் ஒருவரான ஜான் ரொமேரோ 2006-இல் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டார். அவற்றை இறக்கி ட்ரெஞ்ச்புரூமில் திறந்து, கிரிட்டை 16-க்கு வைத்துச் சுற்றி வாருங்கள். வாசல்களின் அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு அறையைத் தேர்ந்தெடுத்து, அது எத்தனை பிரஷ்களால் ஆனது என்று எண்ணுங்கள். பிறகு அதே அறையை, கோப்பை மூடிவிட்டு, நினைவிலிருந்து கட்டிப் பாருங்கள்.